ஸ்டாக் ரூமில் முப்பது விநாடி

ஹெட்போனின் இடது பக்கத்தில் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கிறது. நேற்று உன் அம்மா அதைத் தலையில் மாட்டியிருந்தார். இன்று காலை வேலைக்கு வந்து அதை எடுத்துக் காதில் வைத்தவள், ஒன்றும் தொடங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து சீட் பெண், "இன்னாச்சு, தலை வலிக்குதா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். இடது மெத்தை முழுக்க உரிந்துபோய்விட்டது. கறுப்புத் தோல் பொடிப்பொடியாகக் காதில் ஒட்டிக்கொள்கிறது. புதுசு வாங்கிக்கொள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இடது பக்கம் உன்னுடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நாம் படித்த இன்ஸ்டிடியூட்டில் உருப்படியான ஹெட்போன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு அடிதடி. அதனால்தானே என் அண்ணனை நச்சரித்து இதை வாங்கினேன். ஒரு பக்கத்தை வெளியே திருப்பிவிட்டு, ஆளுக்கு ஒரு காதாகப் பங்கு போட்டுக் கேட்போம். உன் தலையும் என் தலையும் முட்டிக்கொண்டே இருக்கும். "உன் தலைலேர்ந்து பேன் வந்துச்சுன்னா பாரு" என்று நான் சொன்னால், நீ என் காதில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பொடியை நகத்தால் எடுத்து என் மூக்கின் நுனியில் வைப்பாய்.

நேற்று உன் வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நேராக அதற்குப் போனால் எனக்கு எழுத வராது. முதலிலிருந்து வருகிறேன். நம் இருவரில் பொறுமைசாலி நீதான், கேள்.

முதல் நாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. அனிமேஷன் படிக்க வந்த எல்லாரும் ஒவ்வொருவராக எழுந்து பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். நீ எழுந்தாய். வாய் திறந்தது, பெயர் வரவில்லை. முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்கள் இறுக மூடிக்கொண்டன. பின்னால் எவனோ களுக்கென்று சிரித்தான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உன் நோட்டு அட்டையைப் பார்த்து உன் பெயரை நானே சத்தமாகப் படித்தேன். "ஊரு மாகறல். போதுமா?" என்று சிரித்தவன் பக்கம் திரும்பி முறைத்தேன். நீ உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால் உன் பெயரை நீயே சொல்லியிருப்பாய் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஜெராக்ஸ் கடையில் நீ தொடங்குவதற்குள், "ரெண்டு பக்கமும் எடுங்கண்ணா" என்று நான் சொல்வேன். உன்னைப் பஸ் ஏற்றிவிட வந்தால், கண்டக்டரிடம் "மாகறல் ஒண்ணு" என்று ஜன்னல் வழியாக நானே கத்துவேன். ஒருநாள், "நா... நானே சொல்றேன்பா" என்றாய். "நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள மாகறலே வந்துடும்டி" என்றேன். நீ சிரித்தாய். நான் அதைவிடச் சத்தமாகச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

என் வீடு அப்படி. நீதான் பார்த்திருக்கிறாயே. ஒரே கூடத்தில் இரண்டு தறி, ஒன்றில் அப்பா, ஒன்றில் அண்ணன். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் ஒரு டம்ளர் காபிகூடக் கிடைக்கும். யாரும் யாரையும் பேசி முடிக்க விட்டதில்லை. முதல் தடவை வந்தபோது வாசலிலேயே மிரண்டு நின்றாய். "உங்கூட்ல எல்லாரும் ச... சண்ட போட்டுக்கினு இருக்காங்களா?" "இல்லடி, உன்ன சாப்பிடச் சொல்றாங்க" என்றேன். உன் வீட்டிலோ உன் அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு, நீ சொல்லி முடிக்கும்வரை உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கை தண்ணீருக்குள் அப்படியே இருக்கும். அதைப் பார்த்தபோது, பாவம் அந்த அம்மாவுக்கு எவ்வளவு நேரம் வீணாகிறது என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் வருஷம் சவுண்ட் வகுப்பு வந்தது. சென்னையிலிருந்து வந்துபோன சார், ஒரு பந்து படியில் உருண்டு இறங்குகிற படத்தைச் சத்தமே இல்லாமல் போட்டுக் காட்டினார். "சினிமா எடுத்தா எதனா ஒரு சத்தம் தன்னால வந்து விழும். இங்க ஒண்ணும் விழாது. நீங்க வெச்சாதான் உண்டு. மூச்சுகூட" என்றார். அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வரைவதில் நான் சுமார். என் மாடு எப்போதும் நாய் மாதிரிதான் இருக்கும். ஆனால் காது எனக்கு உண்டு. நீ வரைய வேண்டும், நான் சத்தம் வைக்க வேண்டும் என்று வகுப்பு முடிந்து இறங்கிய படிக்கட்டிலேயே முடிவாகிவிட்டது.

கதை உன்னுடையது. கோயில் வாசலில் கழற்றிவிட்ட ரப்பர் செருப்பு ஜோடியில் ஒன்றை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். மிச்சம் இருக்கிற இடது கால் செருப்பு அதைத் தேடித் தெருவில் இறங்குகிறது. ஆட்டோ, பசுமாடு, பூக்கூடை என்று எதிரில் வருகிற எல்லாவற்றிடமும் ஒரே கேள்வி. "என் ஜோடியப் பாத்தீங்களா?" மூன்றே நிமிடப் படம். அந்தக் கேள்வியைத் தவிர வேறு வசனமே கிடையாது.

ஒற்றைச் செருப்பின் நடை உன் காலுடையது. ஒரு காலில் செருப்போடு, மறுகாலைத் தூக்கிக்கொண்டு நீ நொண்டியடிப்பாய், நான் மைக்கைத் தரையோடு பிடித்துக்கொண்டு கூடவே தவழ்வேன். கல் தரையில் ஒரு சத்தம், மணலில் ஒரு சத்தம், எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோர ஈரத்தில் சப்பக் சப்பக்கென்று இன்னொரு சத்தம். மாடு அசைபோடுவதற்கு நீ கொய்யாப்பழம் தின்றாய், இரண்டாவது பழம் பதிவுக்குத் தேவையே இல்லை. ஆட்டோவுக்கு அம்மா நூல் தார் சுற்றுகிற ராட்டையைப் பிடித்து வேகமாகச் சுற்றினோம். "நூலு சிக்கிக்கினா யார்டி பிரிக்கறது, எடுபட்டதுங்களா!" என்று அம்மா கத்தியதும் பதிவில் விழுந்துவிட்டது. அதை வெட்டி எறிந்தேன். வெட்டுவதில் நான் கெட்டிக்காரி என்று அப்போதே பெயர் வாங்கியிருந்தேன்.

செருப்புக்கு யார் குரல் கொடுப்பது? வகுப்பில் டப்பிங் ஆசையோடு திரிந்துகொண்டிருந்த ஒருத்தியைக் கேட்கலாம் என்றேன். நீ தலையை ஆட்டி மறுத்தாய்.

"நா... நான்தான்."

"ஏய், நெசமாவா சொல்ற?"

"ஆ... ஆமா."

"கஷ்டமா இருக்குமேடி."

"எ... எனக்கா? உ... உனக்கா?"

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. சிரித்திருப்பேன்.

குரல் பதிவுக்கு அமைதியான இடம் வேண்டுமே. என் வீட்டில் தறி. உன் வீட்டுக்குப் பின்னால் ஆடு. இன்ஸ்டிடியூட்டுக்குக் கீழே பஸ் ஹாரன். கடைசியில் என் மாமா வேலை பார்க்கிற புடவைக் கடையின் ஸ்டாக் ரூம் ஞாபகம் வந்தது. சாப்பாட்டு வேளையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். தரையிலிருந்து கூரைவரை நாலு பக்கமும் பட்டுப்புடவை அடுக்கு. கை தட்டினால் சத்தம் தட்டிய இடத்திலேயே செத்துவிடும், எதிரொலி என்பதே இல்லை. சார்கூட இப்படி ஒரு அறையைப் பார்த்திருக்க மாட்டார் என்று நான் குதித்தேன். "எவளாவது புடவ மேல ஒக்காந்தீங்க, தோல உரிச்சிடுவேன்" என்று மாமா மிரட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். ஃபேனை நிறுத்தினோம். வியர்வை ஊற்றியது. நீ அண்ணாந்து அடுக்கைப் பார்த்து, "இவ்ளோ பு... புடவைக்கும் கல்யாணம் ஆவுமா?" என்று கேட்டாய்.

பிறகு கேள்வியைச் சொன்னாய். "என் ஜோடியப் ப்... ப்... ப்... பாத்தீங்களா?"

"சூப்பர். இன்னொரு தரம்" என்றேன். மறுபடியும் அங்கேயே நின்றது. இன்னொரு தரம். இன்னொரு தரம். ஒவ்வொரு தடவையும் அதே 'ப்' உதட்டில் மோதி நின்று, பிறகுதான் திறந்தது. நீ தோற்றுக்கொண்டே இருக்கிறாய் என்று எனக்குள் பரிதாபம். உனக்கோ முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கழுத்து நரம்பு புடைக்கவில்லை, கண் மூடவில்லை. வகுப்பில் பெயர் சொல்ல நின்றவளா இவள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் காதால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ரூம் டோன் எடுத்தோம். யாரும் பேசாமல், அசையாமல், அந்த அறையின் அமைதியை மட்டும் முப்பது விநாடி பதிவு செய்வது. வசனத்தை வெட்டிய இடங்களில் அந்த அமைதியைத்தான் வைத்து ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை தெரிந்துவிடும். நான் போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ புடவை அடுக்கில் முதுகு படாமல் கதவோரம் நின்றாய். முப்பது தாண்டியதும் நிறுத்தினேன். மாமா ஷட்டரைத் தூக்கினார்.

படத்தைக் கொடுக்க வேண்டிய வாரம் பார்த்து, உன் பெரியப்பா மகள் கல்யாணம் என்று நீ மூன்று நாள் தாமலுக்குப் போய்விட்டாய். "நீ பா... பாத்துக்கோ" என்றாய். பார்த்துக்கொண்டேன்.

அப்பா தறிப் பாவில் அறுந்த இழையைப் பிணைத்தால், புடவையை வெயிலில் விரித்துப் பார்த்தாலும் முடிச்சு தெரியாது. அந்தக் கை எனக்கும் வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு கர்வம். உன் குரலில் இருந்த ஒவ்வொரு 'ப்'பையும் வெட்டினேன். 'ஜோடிய'வின் வாலையும் 'பாத்தீங்களா'வின் தலையையும் மயிரிழை பிசகாமல் சேர்த்தேன். நடுவில் ரூம் டோனிலிருந்து ஒரு துளி அமைதியை வைத்துப் பூசினேன். படத்தில் அந்த இடங்களில் செருப்பின் வாய் மூடியபடி நடுங்கிக்கொண்டிருந்தது. நேரக் கணக்கு தெரியாமல் அதிகமாக வரைந்துவிட்டாள் பைத்தியக்காரி என்று அந்தப் படங்களையும் உருவி எடுத்தேன். இப்போது செருப்பு கடகடவென்று கேட்டது: என் ஜோடியப் பாத்தீங்களா. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நீ திரும்பி வந்து இதைக் கேட்டால் என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

இன்ஸ்டிடியூட் சிஸ்டத்தில் இடம் இல்லாததால், படம் முடித்தவர்கள் மூலப் பதிவுகளை அழித்துவிட வேண்டும். ரூம் டோனை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் சார், ஓர் அறையின் அமைதி இன்னொரு படத்துக்கு உதவும் என்று. அதை என் லேப்டாப்பில் போட்டுக்கொண்டேன். உன் குரல் இருந்த ஃபோல்டரை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அவ்வளவு சுத்தம் நான்.

போட்டுக் காட்டிய அன்று கைதட்டல் கூரையைப் பிய்த்தது. உன் தொடையைக் கிள்ளினேன். நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். படியிறங்கினோம். கீழே மருந்துக் கடை வாசலில் என் போன் அதிர்ந்தது. பக்கத்தில் நின்றுகொண்டே நீ அனுப்பிய மெசேஜ்: 'நல்லா இருக்கு. ஆனா அது நான் இல்ல.'

எனக்குக் கோபம் வந்தது. சொல்வதற்கென்ன, வந்தது. "உன் நல்லதுக்குதானேடி பண்ணேன்! மூணு நாளு ஒக்காந்து பண்ணேன்! நாலு பேர் சிரிப்பாங்களேன்னுதானே?" என்று நடுத்தெருவில் கத்தினேன். நீ பையைத் திறந்து, நாலாக மடித்த நீளத் தாளை எடுத்து என் கையில் வைத்தாய். எந்தப் படத்துக்கு எந்த எழுத்து என்று கட்டம் கட்டமாக எழுதுகிற எக்ஸ்போஷர் ஷீட். வசனக் கட்டங்களில் உன் பென்சில் எழுத்து. ப். ப். ப். ப். பா. ஒவ்வொரு 'ப்'புக்கும் ஒரு படம், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல்.

"அ... அந்த செருப்பும் தி... திக்கும்பா. நா... நான் வ... வரைஞ்சிருக்கேன்" என்றாய். கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "ஆட்டோ, மா... மாடு எல்லாம் நி... நின்னு கேக்குதுல்ல? அ... அது சொல்லி மு... முடிக்கறவரைக்கும் நிக்குதுல்ல? அ... அதான் கதையே."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக உன்னை முழுக்கப் பேசவிட்டேன். அதுவும் எனக்கு வாயடைத்துப் போனதால். ஆட்டோவும் மாடும் ஏன் வெறுமனே நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று நான் யோசித்ததே இல்லை. உன் பேச்சில் எந்த இழையும் அறுந்திருக்கவில்லை. அறுத்தவள் நான்.

"மறுபடியும் எடுக்கலாம்டி. தீபாவளி லீவு முடிஞ்சதும் ஸ்டாக் ரூம் கேக்கறேன். நீ சொன்னாப்லயே வைக்கறேன், ஒண்ணையும் தொட மாட்டேன்" என்றேன். நீ, "ம்" என்றாய். என் காதில் இருந்த கறுப்புப் பொடியை எடுத்து என் மூக்கில் வைத்தாய். மன்னித்துவிட்டாய் என்றுதான் நினைக்கிறேன். அப்படித்தானே?

லீவு முடியுமுன் மழை பிடித்துக்கொண்டது. உனக்குக் காய்ச்சல் என்று உன் அம்மா போன் செய்தார். டெங்கு. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாய். அம்மா மருந்து வாங்கக் கீழே போனார். நீ என்னைப் பார்த்து, "நா... நா..." என்றாய்.

"நாக்கு வறண்டுடுச்சா? தண்ணி வேணுமா?" என்றேன்.

நீ ஒரு நொடி என்னையே பார்த்தாய். பிறகு தலையாட்டினாய். இரண்டு மடக்குக் குடித்தாய். அதற்கப்புறம் நீ ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடிந்தபோது போன் வந்தது.

ஐயோ, அரை நிமிடம். அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் குடியா முழுகியிருக்கும்? தண்ணீர்தான் கேட்டாயோ என்னவோ. இருக்கலாம். ஆனால் நீ கேட்டதை நான் கொடுத்தேனா, நான் கொடுத்ததை நீ வாங்கிக்கொண்டாயா என்று எனக்கு இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை, அந்த இரண்டு மடக்கையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் கழித்து உன் அம்மா கேட்டார். "அவ பேசனது எதனா இருக்குதாமா உன்னாண்ட? அவ போன்ல ஒண்ணுமே இல்ல கண்ணு." இருக்காது. நீ வாய்ஸ் மெசேஜ் அனுப்பியதே கிடையாது, எல்லாம் டைப்தான். வீட்டில் வீடியோ எடுத்தால் போனைப் பார்த்ததுமே வாயை மூடிக்கொள்வாய். நான் படத்தை எடுத்துக்கொண்டு மாகறலுக்கு வந்தேன். உன் அம்மா தரையில் உட்கார்ந்து பார்த்தார். செருப்பு கடகடவென்று கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

"நல்லாத்தான் பேசுது. யார் பொண்ணுமா இது?" என்றார்.

தட்டுத்தடுமாறிச் சொன்னேன். நான் செய்ததையெல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இப்டி பேசணும்னுதாம்மா இத்தினி வருஷமா முட்டி போட்டு ஜெபம் பண்ணேன். சர்ச்சு சர்ச்சா இட்டுக்கினு போனேன். இப்ப இத்த கேட்டா, வேணாம்னு இருக்குது. எம் பொண்ணு பேசனாப்ல போடுமா."

போட என்னிடம் ஒன்றுமில்லை என்று அவரிடம் சொன்னேன். உன்னிடமும் இப்போது சொல்கிறேன். அதைவிடக் கேவலமான ஒரு வார்த்தையை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

இன்ஸ்டிடியூட்டில் போய்க் கெஞ்சினேன். சிஸ்டத்தை எப்போதோ ஃபார்மேட் செய்துவிட்டார்கள். உன் பையிலிருந்த மூல வரைபடங்களை அம்மா கொடுத்தார். உருவி எடுத்த வாயசைவுகளை எல்லாம் ஷீட்டைப் பார்த்துப் பார்த்து அதனதன் இடத்தில் திரும்பச் சேர்த்தேன். செருப்பின் வாய் இப்போது நீ வரைந்தபடியே நடுங்குகிறது, சத்தம் இல்லாமல். அதற்கு மேல் ஒன்றும் செய்யத் தெரியாமல் மூடி வைத்துவிட்டேன். பிறகு வேலை கிடைத்தது. குழந்தைப் பாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சத்தம் வைக்கிற வேலை. நம் ஸ்டாக் ரூம் அமைதியிலிருந்து நடுவில் பத்து விநாடியை எடுத்து, தேவைப்பட்ட இடத்திலெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதைவிட நல்ல அமைதி எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

போன வாரம் அம்மா கூப்பிட்டார். "வர்ற ஞாயித்துக்கிழம அவளுக்கு ஒரு வருஷ ஜெபம் வெச்சிருக்கோம். நீ வந்துடும்மா." குரலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததுதான் என்னைக் குத்தியது. லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு ஃபோல்டராக மறுபடியும் நோண்டினேன். ரூம் டோனைத் தட்டினேன். எப்போதும் நடுவிலிருந்துதான் எடுப்பேன், அன்றைக்குத்தான் கடைசிவரை ஓடவிட்டேன்.

முப்பது விநாடியும் ஒன்றுமில்லை. சத்தத்தை முழுக்க ஏற்றிக் காதை நெருக்கி வைத்தால் நீ மூச்சுவிடுவது கேட்கிறது. சீராக, மூக்கில் லேசான ஒரு விசிலோடு. பிறகு நீ வாயைத் திறக்கிறாய்.

"போ... போ... போது..."

டக். என் விரல். நான் நிறுத்திவிட்டேன்.

போதுமா என்று என்னைக் கேட்க வந்திருக்கிறாய். அவ்வளவுதான். சாதாரண ஒரு கேள்வி. போனிலேயே கண்ணாக இருந்த நான் அந்தக் கடைசி எழுத்துக்குக்கூட நிற்கவில்லை. அன்று லேப்டாப்பின் மேல் தலையை வைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன். தறியை நிறுத்திவிட்டு அப்பாவும் அண்ணனும் ஓடிவந்தார்கள், அம்மா ஓடிவந்தாள். என் வீட்டில் இரண்டு தறியும் ஒரே நேரத்தில் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நேற்று உன் வீட்டில் ஜெபம் முடிந்து, பாஸ்டர் போய், சொந்தக்காரர்கள் டீ குடித்துக் கிளம்பும்வரை காத்திருந்தேன். பிறகு உன் அம்மாவிடம், "கொஞ்சம்தான் இருக்குது. அதையும் நான் பாதியில நிறுத்திட்டேன். கேக்கறீங்களா?" என்றேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஹெட்போனின் இடது பக்கத்தை அவர் காதில் வைத்தேன். வலது பக்கத்தை வெளியே திருப்பி என் காதில் வைத்துக்கொண்டேன். எங்கள் தலைகள் முட்டிக்கொண்டன.

முப்பது விநாடி உன் மூச்சு. அவர் அதை முதல் விநாடியிலேயே கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன், என் மணிக்கட்டைப் பிடித்த பிடி வலித்தது. பிறகு, போ, போ, போது. டக்.

முடிந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றக் கை நீட்டினேன். உன் அம்மா உள்ளங்கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். கண்ணைத் திறக்கவில்லை.

"இரும்மா. அவ சொல்லி முடிக்கட்டும்."

பதிவு எப்போதோ நின்றுபோயிருந்தது. ஆனாலும் அவர் அப்படியே இருந்தார், அரிசித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உன் முகத்தைப் பார்த்து நிற்பாரே, அதே மாதிரி. நானும் இருந்தேன். வெளியே யாரோ பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். உன் பெரியப்பா ஏதோ கேட்க வந்து, எங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் போனைப் பார்க்கவில்லை.

பிறகு உன் அம்மா தலையை மெல்ல ஆட்டினார்.

"ம். சொல்லிட்டா" என்று ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தார். அவர் காதில் ஒட்டியிருந்த கறுப்புப் பொடியை நான் நகத்தால் எடுத்தேன்.

இன்று மத்தியானம் இங்கே ஒரு குழந்தைப் பாட்டுக்குக் குரல் பதிவு. பாட வந்த பெண் பாடி முடித்தாள். என் விரல் பழக்கத்தில் பட்டனுக்குப் போனது. அழுத்தாமல் எடுத்துவிட்டேன். பக்கத்து சீட் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சு, நிறுத்துபா" என்றாள்.

"இரு" என்றேன்.